சாலையோர வீட்டில் ஜன்னலை எப்போது திறப்பது?

கேள்வி: சென்னை அரும்பாக்கத்தில் நூறடி சாலையை ஒட்டி இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ஏழு வயது மகளுக்கு வீசிங் இருக்கிறது. ஜன்னலை எந்நேரமும் மூடியே வைக்கலாமா? ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா?

பதில்: எந்நேரமும் மூடாதீர்கள். தாளிக்கும் புகையும் கொசுவர்த்திப் புகையும் உள்ளேயே தங்கிவிடும். நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். பின்னிரவிலும் விடியற்காலையிலும் காற்று அசையாமல் நிற்கும்போது, தரையோரக் குளிர்ந்த காற்றுக்குள் வாகனப் புகை கலையாமல் தேங்கும். கனரக லாரிகள் நகருக்குள் அதிகம் ஓடுவதும் இரவில்தான். அதனால் அதிகாலைக் காற்று நல்லதென்று ஐந்து மணிக்கே சாலைப்பக்க ஜன்னலைத் திறக்க வேண்டாம். கடற்காற்று ஏறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். பிஎம் 2.5 எனப்படும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. குழந்தைக்கு 15-ஐயே மனதில் வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன். அது வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சாலைப்பக்க ஜன்னல் திறந்திருந்தால் அந்த வழியாகப் புகையே வரும். ஃபேன் ஓடும்போது பின்பக்க ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். மூடிய ஜன்னலின் உட்பக்க விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் புகைக்கரியும் டயர்த் துகளும் இடுக்கு வழியே நுழைகின்றன என்று பொருள். நகரும் ஜன்னலென்றால் அதன் சட்டத்தில் இடுக்கை அடைக்கும் இழைப்பட்டை தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை.

பியூரிஃபையர் உதவும், குழந்தை தூங்கும் அறைக்கு ஒன்று போதும். பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை விட்டு, சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். கருவி மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதே அது. 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் 1,200 கன அடி, ஏறக்குறைய 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக மணிக்கு 170 கன மீட்டர் தேவை. ஆனால் அந்த எண் முழு வேகத்துக்கானது. இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்பீர்கள், ஆகவே 300 உள்ளதை வாங்குங்கள். உள்ளே நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவினால் கெட்டுப்போகும். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், அது மூச்சுக்குழாயை எரிக்கும். வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுவை ஹெப்பா பிடிக்காது. அதற்குத் தடிமனான கரி அடுக்கு வேண்டும், மெல்லிய கறுப்புத் தாள் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது, அதன் வலை நுண்துகளைத் தடுக்காது.

அந்த அறையில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடாது, கொசுவலை கட்டுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். காற்று சுத்தமாகிவிட்டது என்று மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.