மனைவியின் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) கணவர் பெயரைச் சேர்க்க வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறோம், தமிழ்நாட்டிலிருந்து வந்த மனைவியின் பெயரோடு என் பெயரைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. நம் தோட்டத்துப் பெண்களுக்கே கல்யாணத்துக்குப் பிறகும் ஐசியில் (அடையாள அட்டையில்) அப்பா பெயர்தானே இருக்கிறது! என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

சேர்த்தே ஆக வேண்டுமென்றால் தேசியப் பதிவிலாகாவில் தொடங்காதீர்கள். அங்கே திருமணத்தைப் பதிவார்கள். இந்தியக் கடப்பிதழில் கை வைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. முதலில் கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் வழியாகத் திருமணச் சான்றிதழோடு புதுக் கடப்பிதழ். அப்புறம் குடிநுழைவுத் துறையிலும், பிறகு வங்கியிலும் புதுப் பெயரைத் தெரிவியுங்கள். விசா முடியப்போகும் நேரத்தில் மட்டும் இதில் இறங்க வேண்டாம். பழைய கடப்பிதழையும் பத்திரமாக வையுங்கள். விசா அதில் ஒட்டியிருக்கலாம்.