ஐந்தாவதாக வந்தவள்

கேள்வி: எனக்கு வயது 27. பத்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தேன். கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடினேன். நான்கு ஆண்டுகளாக ஒஹாயோவில், கல்லூரி விளையாட்டின் மூன்று அடுக்குகளில் கடைசியான மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்த ஒரு சிறிய கல்லூரியில் டிராக் (மைதான ஓட்டம்), கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளமான திறந்தவெளி ஓட்டம்) அணிகளுக்குத் துணைப் பயிற்சியாளராக இருக்கிறேன். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. “ஓடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் நீயும் ஓடிக்கொண்டிருப்பது ஒரு உத்தியோகமா?” என்று அப்பா கேட்கிறார்.

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் பெண்கள் அணி எங்கள் பிரிவின் பட்டத்தை வென்றது. எங்களுடைய ஐந்தாவது ஓட்டக்காரி இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்றாவது கிலோமீட்டரில் சேற்றில் ஒரு ஷூவைத் தொலைத்துவிட்டாள். காலுறையோடு ஓடி, கடைசி நேர்ப்பாதையில் மூன்று பேரை முந்தி 41-ஆவதாக வந்தாள். பரிசளிப்பின்போது அவளை யாரும் படம் எடுக்கவில்லை. அவள் பாதத்தில் இருந்த முள்ளை நான்தான் எடுத்தேன்.

இன்னொரு விஷயம். தலைமைப் பயிற்சியாளர் திங்கட்கிழமைதோறும் பெண்களை எடை பார்க்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாய் திறந்ததில்லை. இந்தத் தொழிலில் எனக்கு எதிர்காலம் இருக்கிறதா? நான் நல்ல பயிற்சியாளர்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டம் வென்றதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஷூவைத் தொலைத்த பெண்ணுக்கு ஐந்து வரி. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கான பதிலை அந்த ஐந்து வரிகளில் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிராஸ் கன்ட்ரி கணக்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணிக்கு வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆள் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்த அணியின் கூட்டுத்தொகை ஏறும். ஒரே அணியின் ஐந்து பேர் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தால் 15 புள்ளி, அதற்குக் கீழே போக வழியே இல்லை. கொலராடோ மலைப்பகுதியில் அலமோசா என்ற சிற்றூரில் இருக்கும் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியின் ஆண்கள் அணி, ஜோ விகிலின் பயிற்சியில், 1992-ல் இரண்டாம் டிவிஷன் தேசியப் போட்டியில் அதைச் செய்து காட்டியது.

உங்கள் அணியின் கணக்கை நீங்கள் எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: உங்கள் முதல் நான்கு பேர் 4, 9, 17, 22. ஐந்தாமவள் 41. மொத்தம் 93. இரண்டாவது அணிக்கு 95. அவள் அந்த மூன்று பேரை முந்தாமல் 44-ஆவதாக வந்திருந்தால் 96. கோப்பை கைமாறியிருக்கும். முதல் நான்கு பேரும் அன்று அவ்வளவுதான் செய்ய முடியும், செய்துவிட்டார்கள். கோப்பை யாருக்கு என்பது பின்னால் வருகிற ஒருத்தியின் காலில் இருந்தது. கிராஸ் கன்ட்ரியில் இது அபூர்வமாக நடப்பதல்ல. இந்த விளையாட்டு கட்டப்பட்டிருக்கும் விதமே இதுதான்.

ஆகவே உங்கள் தொழிலும் அதுவே. முதலாவதாக வருகிறவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஆள் சேர்க்கிற திறமை. பண வசதியும் பெயரும் உள்ள கல்லூரிக்கு அது எளிது. விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்கக் கூடாது என்ற விதி உள்ள மூன்றாம் டிவிஷனில், ஓடியே தீருவேன் என்று வருகிறவர்கள்தான் உங்களிடம் வருகிறார்கள். பள்ளியில் நடுத்தரமாக ஓடிய ஒரு பெண்ணை மூன்று ஆண்டில் உங்கள் ஐந்தாவது ஆளாக ஆக்குவது முழுக்க முழுக்கப் பயிற்சியாளரின் கைவேலை. அதைச் செய்கிறவர்களின் பெயர் செய்தியில் வராது. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இப்போது எடை பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் இதை ‘இன்னொரு விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவெடுக்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

நானும் ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். எங்களிடம் எல்லோரும் பயிற்சிக் குறிப்பேடு எழுத வேண்டும்: ஓடிய தூரம், தூங்கிய நேரம், காலை நாடித்துடிப்பு, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு சொல். ஒரு மாணவி எப்போதும் ‘நன்று’ என்று எழுதுவாள். அந்த அக்டோபரில் ‘பரவாயில்லை’ என்று எழுத ஆரம்பித்தாள். காலை நாடி 48-லிருந்து 56-க்கு ஏறியிருந்தது. அணியோடு உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் நிறுத்தியிருந்தாள். எல்லாம் என் கண்முன் இருந்தது. அதே மாதத்தில் அவள் தன் மிகச் சிறந்த நேரத்தை ஓடினாள், நாங்கள் கைதட்டினோம். நவம்பரில் கணைக்கால் எலும்பைத் தொட்டு ‘இங்கே வலிக்கிறது’ என்றாள். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையகலம்கூட இல்லாத ஓரிடம். ஸ்கேனில் எலும்பில் விரிசல். மருத்துவர் கேட்ட பிறகுதான் எட்டு மாதமாக அவளுக்கு மாதவிடாய் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் அணியிலும் எடை பார்த்தார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் குறிப்பேட்டின் அக்டோபர் பக்கங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

எரிக்கிற அளவுக்கு உண்ணாத உடல், தன் செலவைக் குறைக்கத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், இரும்புச்சத்து இறங்கும், காயங்கள் ஆற மறுக்கும். ஆண்களுக்கும் இது வருகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்துவிட்டது. கொடுமை என்னவென்றால், எடை குறையத் தொடங்கும் முதல் சில வாரங்களில் நேரம் மேம்படலாம். தராசை நம்புகிற பயிற்சியாளர் அதைப் பார்த்துத் தன் வழி சரி என்று முடிவு கட்டிவிடுவார். விலையை அந்தப் பெண் அடுத்த பருவத்தில் கொடுப்பாள்.

எனவே இந்த வாரமே தலைமைப் பயிற்சியாளரிடம் தனியாகப் பேசுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பலர் தாங்கள் கற்றுக்கொண்ட விதத்தையே தொடர்கிறார்கள், தீய எண்ணம் இருக்காது. எடை தெரிய வேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால், விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் கல்லூரியின் அத்லெட்டிக் டிரெய்னரோ மருத்துவரோ மூடிய அறையில் பார்க்கட்டும், எண் அவர்களிடமே இருக்கட்டும் என்று கேளுங்கள். பருவத் தொடக்கத்தில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அவர் மறுத்தால் டிரெய்னரிடமும் விளையாட்டுத் துறை இயக்குநரிடமும் எழுத்தில் கொடுங்கள். வேலையை விட்டுப் போக முடிவு செய்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் போன பிறகும் அந்தப் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள்.

அந்த அணியில் ஒரு பெண் பயிற்சியாளர் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. 1972-ல், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் (டைட்டில் நைன்) வந்தபோது அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்தால் பெண்கள் அணிகள் பெருகின, சம்பளம் வந்தது, அந்த இடங்களுக்கு ஆண்கள் வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழே. மாதவிடாய் நின்றுவிட்டது என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

சரி, எதிர்காலம். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: பணத்துக்காக வருகிற தொழில் இல்லை இது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கிராஸ் கன்ட்ரி, டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளரங்கம், பிறகு மே, ஜூன் வரை வெளி மைதானம். மூன்று பருவமும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். இடையிடையே பள்ளிப் போட்டிகளுக்குக் காரில் போய் மாணவர்களைப் பார்க்க வேண்டும். பதவி உயர்வு வேண்டுமென்றால் பெரும்பாலும் ஊர் மாற வேண்டும். ஒரு கல்லூரியில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர், அவர் விட்ட இடத்துக்கு மற்றொருவர் என்று கோடைக்காலம் முழுவதும் நாற்காலிகள் மாறும். அந்த வரிசையில் நிற்கத் தயாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொறுமையும் வேண்டும். அயர்லாந்தில் பிறந்த ஜான் மெக்டோனல் 1972-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கிராஸ் கன்ட்ரி பயிற்சியாளரானார். அவர் 2008-ல் ஓய்வு பெற்றார். அவர் கணக்கில் நிற்கும் தேசியப் பட்டங்கள் 40. முதலாவது 1984-ல்தான் வந்தது. நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். உங்களுக்கு நான்குதான் ஆகியிருக்கிறது.

முதல் டிவிஷனுக்குப் போனால்தான் வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே சம்பளம் கூடுதல், உண்மைதான். ஆனால் கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரி அணிக்கு 17 பேர், டிராக் அணிக்கு 45 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்து, மெதுவாக முளைத்துவரும் பிள்ளைகளுக்கு அங்கே இடம் சுருங்கிவருகிறது. உங்கள் ஷூ தொலைத்த பெண் போன்றவர்கள் இனி உங்கள் கல்லூரி மாதிரியான இடங்களைத்தான் நம்பி இருப்பார்கள்.

என் முடிவைச் சொல்கிறேன்: தொழிலை விடாதீர்கள். ஆனால் இப்போதிருக்கும் நிலையிலும் தொடராதீர்கள். பிடித்த வேலை என்பதற்காகக் குறைந்த கூலிக்கு உழைப்பதைத் தியாகம் என்று நினைக்கிற பழக்கம் இந்தத் துறையில் நிறைய இருக்கிறது. அது பயிற்சியாளரையும் எரித்துவிடும், பிள்ளைகளையும் பாதிக்கும். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறை இயக்குநரைப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? மருத்துவக் காப்பீடு உண்டா? சிறிய கல்லூரிகளில் பயிற்சியாளருக்கு மாணவர் சேர்க்கை அலுவலகத்திலோ உடற்கல்வித் துறையிலோ பாதி நேர வேலை சேர்த்து முழுச் சம்பளமாக்குவது வழக்கம்தான். அதைக் கேளுங்கள். யுஎஸ்ஏ டிராக் அண்ட் ஃபீல்டு அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழ் இல்லையென்றால் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் நடக்கும் கல்லூரிப் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாட்டுக்குக் கடன் வாங்கியாவது போய்வாருங்கள். வேலைகள் பல அங்கே நடக்கும் பேச்சில்தான் தொடங்குகின்றன.

இரண்டு ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சம்பளம் உயரவில்லை, தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைப்பு வரவில்லை என்றால் வேறு வேலைக்குப் போங்கள். அதில் தலைகுனிய எதுவும் இல்லை. ஆனால் இதே கல்லூரி எதையும் தர முடியாது என்று கைவிரித்து, எடை பார்ப்பதையும் நிறுத்த மாட்டோம் என்றால், இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாம். வேறு கல்லூரி பாருங்கள்.

அப்பாவைப் பற்றிக் கடைசியாக. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகளை வேற்று நாட்டுக்குக் கூட்டிவந்து ஆளாக்கியவர், அவள் மாதக் கடைசியில் திண்டாடுவதைப் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது அந்த வங்கிக் கணக்கு மட்டும்தான். நீங்கள் அதிகாலை ஐந்தரை மணிக்கு எதற்கு எழுந்து போகிறீர்கள் என்பதை அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். வாதாடிப் பயனில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அவரை உங்கள் போட்டிக்குக் கூட்டிச் செல்லுங்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள். நான்காவது கிலோமீட்டரில், மேடு ஏறி முடிகிற இடத்தில் நிற்க வையுங்கள். உங்கள் அணிச் சட்டையின் நிறத்தைக் காட்டி ஒரு வேலையும் கொடுங்கள்: அந்த நிறத்தில் ஐந்தாவதாக வருகிறவள் மொத்தத்தில் எத்தனையாவதாக ஓடுகிறாள் என்று எண்ணி, மரங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும்.