கர்ப்பமாக இருக்கும்போது வீட்டில் பூனை இருக்கலாமா?

மூன்று மாதம் ஆகிறது, வீட்டில் பூனை இருக்கிறது, அதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார், குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டதையும் யூகிக்கிறேன். வீட்டுக்காரர் அம்மா பக்கமும் பேசாமல் உங்கள் பக்கமும் பேசாமல் போனை நோண்டிக்கொண்டிருப்பார்.

பூனையை விட வேண்டாம். அதன் கழிவை அள்ளும் ஆளை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம்.

நான் டாக்டர் இல்லை, வங்கி கவுன்ட்டரில் உட்காருகிறவள். "பிள்ளை விஷயத்தில் ரிஸ்க் எடுக்கச் சொல்கிறாயா" என்று கமெண்டில் சண்டைக்கு வருபவர்கள் முழுவதும் படித்துவிட்டு வரவும்.

என் பூனை பெயர் சிங்காரி. எங்கள் கிளை ஜெனரேட்டருக்கு அடியில் குட்டியாகக் கிடந்தவளை எடுத்து வந்தேன். நான் உண்டானதும் திண்டுக்கல்லிலிருந்து அத்தை பெரம்பூருக்கு வந்து சேர்ந்தார். முதலில் சொன்ன காரணம், பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு இழுப்பு வரும் என்பது. நான் மசியவில்லை. அப்புறம் யாரோ ஒரு சொந்தக்காரர், பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வரும், அது பிள்ளையைத் தாக்கும் என்று ஒரு ஃபார்வர்டை அனுப்பிவைக்க, "பார்த்தியா, சயின்ஸே சொல்லிருச்சு" என்று பலம் கூடிவிட்டது. மீன் மார்க்கெட்டில் விட்டால் ராஜபோகமாக இருக்குமாம். வீட்டில் வளர்ந்த பூனையை அங்கே விட்டால் மற்ற பூனைகள் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், இதைச் சொல்லிக்கொண்டே அத்தை அடுப்பில் சுவரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் ஊறும் என்று ஆட்டு மண்ணீரலை அனலில் காட்டி, மிளகும் உப்பும் தூவித் தருவார்கள், தெரியும்தானே. மேலே கருகியிருக்கும். கத்தியை வைத்து அழுத்தினால் உள்ளே கொழகொழவென்று, கத்தி முனையில் சிவப்பாக ஒட்டும். "நல்லா வெந்தா சத்து போயிரும்மா" என்று அதை என் தட்டில் வைத்தார்.

அடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடம் இரண்டையும் சொன்னேன், பூனையையும் சுவரொட்டியையும். அவர் பூனையைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார்: வெளியே போகுமா, பச்சை இறைச்சி தின்னுமா. சுவரொட்டிக்குத்தான் திட்டு விழுந்தது.

காரணம் இதுதான். இந்தக் கிருமி பூனையின் குடலில்தான் முட்டை மாதிரியான உருவில் உண்டாகி மலத்தோடு வெளியே வரும். அந்த அளவில் ஃபார்வர்டு சரி. ஆனால் பூனை எலி, குருவி, பச்சை இறைச்சி எதையாவது தின்று முதல்தடவை தொற்று வாங்கும்போதுதான் அது நடக்கும். அதுவும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம்வரைதான். வெளியே வந்த உடனே அது யாருக்கும் தொற்றாது, பக்குவமாக ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். வீட்டோடு இருந்து பாக்கெட் தீனி தின்னும் பூனைக்கு அந்தத் தொற்று வருவதே அபூர்வம். தடவினால், மடியில் வைத்தால், முடி பறந்தால் வராது. மறுபக்கம், தொற்று இருந்த ஆட்டின் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் இதே கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். சரியாக வேகாமல் தின்றால் நேராக நமக்கு.

ஐரோப்பாவில் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2000இல் வெளியிட்டார்கள். வேகாத, பதப்படுத்திய இறைச்சியால் வந்தது ஊருக்கு ஊர் 30 முதல் 63 சதவீதம். மண்ணில் கை வைத்ததால் 6 முதல் 17 சதவீதம். பூனையோடு பழகுவது ஒரு காரணமாகவே தேறவில்லை. அது அந்த ஊர்ச் சாப்பாடு, நாம் கறியைக் குக்கரில் விசில் மேல் விசில் விடுகிறவர்கள் என்பீர்கள். சரிதான், குக்கரில் வெந்த கறியில் பயமில்லை. அனலில் வாட்டியதைத்தான் சொல்கிறேன்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் விஷயம் பெரிதுதான். ஆரம்ப மாதங்களில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் கண்ணும் மூளையும் மோசமாகப் பாதிக்கப்படலாம். கடைசி மாதங்களில் நேர்மாறு. இந்தக் கிருமிக்கான ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஐஜிஜி (தொற்று வந்துபோன பிறகும் உடம்பில் நிற்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ், ஐஜிஎம் (தொற்று வந்த புதிதில் உண்டாகும் எதிர்ப்புப் புரதம்) நெகட்டிவ். 'பாசிட்டிவ்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார். எப்போதோ வந்துபோன பழைய தொற்று, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது, பொதுவாகக் குழந்தைக்குப் பயமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே கலங்க வேண்டாம். அது சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் அப்படியே நிற்கும், ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கும் அவிடிட்டி டெஸ்ட், தொற்று பழசா புதுசா என்று பிரித்தறிய உதவும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது, அவர்கள் டாக்டரிடமே கேட்கட்டும்.

கழிவு அள்ளும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு அணுஉலைக்குள் போகிறவர் மாதிரி லிட்டர் டிரே (பூனை கழிவு போகும் தட்டு) பக்கம் போவார். போகட்டும், தினமும் அள்ளினாரா இல்லையா என்பதுதான் கணக்கு. முன்னே சொன்ன பக்குவமாகும் அவகாசத்தைக் கொடுக்காமல் அள்ளிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ப்ளீச்சிங் பவுடரை நம்ப வேண்டாம், இந்தக் கிருமி அதற்கு அசையாது. டிரேயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டு நீங்களே அள்ளி, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டைக் காலி பண்ணியபோது ஓனர், கதவில் பூனை பிறாண்டிய கீறல் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். கீறல் அடிமட்ட நீளம்கூட இல்லை. குளியலறை ஒழுகலை அத்தனை வருஷமும் அவர் சரி செய்யவில்லை, அதற்கு நான் யாரிடம் பிடிப்பது? பூனை வைத்திருப்பவள் என்றாலே எல்லாரும் ஒரு பில் நீட்டுகிறார்கள்.

சரி, விட்டதைச் சொல்கிறேன். கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் பூனைக்குப் போடாதீர்கள், வேகவைத்துப் போடுங்கள். பிரசவம்வரை புதிதாகத் தெருக்குட்டி எடுத்து வர வேண்டாம். கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் தெருப் பூனைகளுக்குக் கழிவறை, அதில் கை வைக்காதீர்கள். தொட்டிச் செடி கிளறவும் கையுறை போடுங்கள். கீரையை, கொத்தமல்லியை மண் போகும்வரை அலசுங்கள். பச்சைக் கறி நறுக்கிய கத்தியிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள். கர்ப்பிணிக்கு அந்த ஊசி போடலாம். "பிரசவம் முடியட்டும்" என்று யாராவது தள்ளிப்போட்டால் அங்கே நிற்காமல் அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.