ரீகால் வந்த காருக்குத் தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். பதினொரு மாதங்களுக்கு முன் உம்ஹ்லாங்காவில் ஒரு டீலரிடம், டெமோவாக ஓடிய மின்சாரக் காரை 7 லட்சத்து 80 ஆயிரம் ரேண்டுக்கு வாங்கினேன். ஒரு லட்சம் கைப்பணம், மீதி வங்கித் தவணை, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழியும் டெபிட் ஆர்டரில். பத்து வாரம் முன்பு கம்பெனியிடமிருந்து ரீகால் கடிதம் வந்தது. பேட்டரி சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு, 70 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள், குறையுள்ள பகுதியை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். போய்க் கேட்டால் பாகம் வர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். சர்வீஸ் மேனேஜர் என் மனைவி முன்னாலேயே, "அங்கிள், எல்லாருக்கும் இதே கதைதான்" என்று சிரிக்கிறார். தைப்பூசக் காவடிக்கு அம்மாவை உம்கேனி ரோடு கோயிலுக்கு இந்தக் காரில் கூட்டிப் போகப் பயந்து தம்பியின் வண்டியை இரவல் வாங்கினேன். தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறார்கள். முழுப் பணமும் மன உளைச்சலுக்கு 5 லட்சமும் வேண்டும். இரண்டு தவணையாக டெபிட் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் அவர்கள் பெயரைப் போட்டு எழுதியும் விட்டேன். மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் பேட்டரியைத் திறந்து பார்க்கலாம் என்கிறார். காரை வங்கியிடமே ஒப்படைத்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அவசரமான வரி இதில் ஒன்றே ஒன்றுதான்: "இரண்டு தவணையாக டெபிட் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன்." சர்வீஸ் மேனேஜர் சிரித்தது, காவடிக்கு இரவல் வண்டி எடுத்தது எல்லாம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றத்தில் அவற்றுக்கு விலை கிடையாது.

முதலில் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முடித்துவிடுவோம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். உங்களுக்குப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. கதவு ஐந்து மாதத்துக்கு முன்பே மூடிவிட்டது. "குறை அப்போதே உள்ளே இருந்ததே, எனக்குத் தெரிந்தது இப்போதுதானே" என்பீர்கள். அந்தப் பிரிவு நாளை எண்ணுவது வண்டி கைக்கு வந்த தேதியிலிருந்து. உங்களுக்குத் தெரிய வந்த தேதியிலிருந்து அல்ல.

"தெரிந்தே கட்டினார்கள்" என்பதும் நிற்காது. நீங்கள் வாங்கி எட்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் ரீகால் வந்திருக்கிறது. விற்ற அன்று டீலருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று காட்ட ஒரு காகிதமாவது இருந்தால் அனுப்புங்கள், வேறு மாதிரி பேசலாம். மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். 61ஆம் பிரிவில் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் எல்லாரும் தவறு செய்தார்களா என்ற கேள்வியே இல்லாமல் பொறுப்பாவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது உயிரிழப்பு, காயம், நோய், சொத்துச் சேதம், அவற்றால் வந்த பண நஷ்டம் ஆகியவற்றுக்கு. உங்கள் கார் எரியவில்லை. எரியக்கூடும் என்ற கவலைக்கு அந்தப் பிரிவு பணம் தராது.

நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து உண்டு. விற்கும்போதே மறைந்திருந்த பெரிய குறை என்று நிரூபித்தால், மூன்று வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ரீகால் கடிதம் அந்த மாடல் வண்டிகளைப் பற்றியது. உங்கள் வண்டியின் பேட்டரியில் அந்தக் குறை இருக்கிறது என்று நிபுணரை வைத்து நீங்கள்தான் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு எழுந்து, "இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம், இவர்தான் காத்திருக்கவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். தொகை பிராந்திய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் 4 லட்சம் வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே உயர் நீதிமன்றம். அங்கே நிபுணருக்கும் வக்கீலுக்கும் ஆகும் செலவை எண்ணினால், ஜெயித்தாலும் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உண்மையான ஆபத்துக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டீலரிடம் தோற்பதில்லை. வங்கியிடம் தோற்கிறார்கள்.

உங்களுக்குக் கார் விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒருவர் என்று மனதில் கலந்து வைத்திருக்கிறீர்கள். டீலர் ஏமாற்றினால் டீலருக்குக் காசு நிறுத்துவது நியாயமாகத் தோன்றும். ஆனால் டீலர் தன் பணத்தை அன்றே முழுசாக வாங்கிவிட்டார். நீங்கள் நிறுத்தியது வங்கிக்குச் சேர வேண்டிய பணத்தை. தவணைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும் வரை காரின் உரிமை வங்கியிடம் இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில், வண்டியில் என்ன குறை இருந்தாலும் தவணையைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். பொடி எழுத்தில்தான் இருக்கும், ஆனால் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

வங்கி அடுத்து செய்யப் போவது எனக்கு மனப்பாடம். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், 129ஆம் பிரிவுப்படி ஒரு நோட்டீஸ் வரும். ரொம்ப மரியாதையான கடிதம், கடன் ஆலோசகரைப் பார்க்கலாம் என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்த மரியாதையில் ஏமாறாதீர்கள். பாக்கி விழுந்து 20 வேலை நாளும் நோட்டீஸ் கொடுத்து 10 வேலை நாளும் கடந்துவிட்டால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். உங்கள் முதல் தவணை தவறிய நாளை எண்ணிப் பாருங்கள்; முதல் கணக்கு அநேகமாக முடிந்துவிட்டது. கடன் பதிவேட்டில் பெயர் ஏறுவது தனி. அது ரீகாலைப் பற்றிக் கேட்காது, பாக்கியை மட்டும் எழுதும். உங்கள் மகன் நாளைக்கு வீட்டுக் கடனுக்கு உங்களைச் சேர்த்து விண்ணப்பித்தால் அப்போது தெரியும்.

இதைவிட மோசம், நீங்கள் கடைசியில் கேட்டிருப்பது: காரை வங்கியிடமே ஒப்படைப்பது. தன்னிச்சையாக ஒப்படைத்தல் என்று அதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். சாவியைக் கொடுத்தோம், கடன் தீர்ந்தது என்று நினைத்து வந்த ஒரு பெண்மணியை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அவருடையது டீசல் பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப்) வண்டி, ரீகால்கூட இல்லை. வங்கி மதிப்புப் போட்டது, ஏலம் விட்டது, ஏலத்தில் வந்ததைக் கடனில் கழித்தது, மீதிக்கு அவருக்கே பில் அனுப்பியது. வண்டியும் போய், வண்டிக்கான கடனும் தங்கிய கதை. உங்கள் காரை யோசியுங்கள். பேட்டரி ரீகால் முடியாத, 70 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாத மின்சாரக் கார். ஏலத்தில் யார் கை தூக்குவார்? உதாரணத்துக்கு, கடன் பாக்கி 6 லட்சம் 30 ஆயிரம், ஏலத்தில் வந்தது 3 லட்சம் 80 ஆயிரம் என்று வையுங்கள். இரண்டரை லட்சம் உங்கள் தலையில், அதற்கு மேல் ஏலச் செலவும் வட்டியும். தவணையோடு, கடைசியில் மொத்தமாகக் கட்டும் பலூன் தொகையும் எழுதிக் கொடுத்திருந்தால் கணக்கு இன்னும் கோரமாக இருக்கும்.

இன்னொரு கொக்கி. மதிப்புக் கடிதம் வந்த 10 வேலை நாளுக்குள் மனம் மாறி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது. ஆனால் தவணை பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. நீங்கள் இரண்டு பாக்கி வைத்துவிட்டீர்கள். ஆக, இன்று சாவியைக் கொடுத்தால் நாளைக்கு அழுதும் பயனில்லை.

வங்கி ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன், பாக்கியையும் அதற்குரிய கட்டணத்தையும் கட்டிக் கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். இந்த வாரமே கட்டுங்கள், டெபிட் ஆர்டரைத் திரும்பப் போடுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது கட்டுங்கள். கட்டுவதால் டீலரிடம் உங்கள் உரிமை எதுவும் குறையாது. கடன் ஒப்பந்தம் கடன் சட்டத்துக்குள் வந்தாலும், அதில் வாங்கிய காருக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தும்.

அடுத்து அந்த மெக்கானிக். வெளியே பழுது பார்க்கும் உரிமை பற்றி, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டி 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது, அதைத்தான் உங்கள் மச்சான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அது நீங்கள் காசு கொடுத்துச் செய்யும் சர்வீசுக்கும் பழுதுக்கும். ரீகால் வேலை கம்பெனியின் கடமை. பேட்டரிப் பெட்டியின் முத்திரையை ஒருவர் உடைத்த அந்த நிமிடமே, குறை தொழிற்சாலையில் வந்ததா, மச்சானின் நண்பர் கையில் வந்ததா என்ற சண்டை தொடங்கிவிடும். உயர் மின்னழுத்தம் வேறு. தொடவே கூடாது.

நீங்கள் காரை எங்கே சார்ஜ் செய்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கராஜுக்குள் என்றால் இன்றைக்கே வெளியே கொண்டு வாருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, இன்சூரன்சுக்காகச் சொல்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு அதை மீறி நூறு சதவீதம் ஏற்றி, வீட்டுக்குள் நிறுத்தி, ஏதாவது நடந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். 61ஆம் பிரிவு வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே தூக்கிக் காட்டுவார். 70 சதவீத அளவைப் போனில் படம் பிடித்து வையுங்கள். அந்த 70 சதவீதத்தில் உம்கேனி ரோடு போய் வரத் தாராளமாகச் சார்ஜ் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

உங்கள் பயம் வெறும் பிரமை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் கார்களுக்கு 2020 நவம்பரில் பேட்டரி ரீகால் வந்தது. மென்பொருளைப் புதுப்பித்து, சரியாகிவிட்டது என்றார்கள். அப்படிச் சரி செய்த வண்டிகளிலேயே இரண்டு தீப்பிடித்தன. 2021 ஜூலையில் மறுபடி ரீகால், ஆகஸ்டில் எல்லா போல்ட் கார்களுக்கும் விரித்து, பேட்டரி மாட்யூலையே (மின்கலத் தொகுதியையே) மாற்ற வேண்டி வந்தது. காரணம் மின்கலத்துக்குள் இருந்த தயாரிப்புக் குறை. மென்பொருளால் அது மறையாது. ஹியுண்டாய் கோனாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. அதனால் உங்களிடம் "அப்டேட் போட்டாச்சு, கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாள் நீட்டினால் கவனம். ஜாப் கார்டில், அதாவது பட்டறை தரும் வேலைச் சீட்டில், என்ன செய்தார்கள், எந்தப் பாகம், எந்த எண் என்று எழுதச் சொல்லுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சட்டம் தரும் உரிமையை இப்படிப்பட்ட வரியால் பறிக்க முடியாது என்று நுகர்வோர் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் அதை மறுப்பதற்கு ஒரு வருடம் அலைவதைவிட ஒரு கோடு போடுவது சுலபம்.

ஃபேஸ்புக் பதிவை எடுத்துவிடுங்கள். "கொள்ளைக்காரர்கள்" என்ற தொனியில் பெயர் போட்டு எழுதியிருந்தால் உங்கள் மீதே அவதூறு வழக்கு வரும். அப்புறம் சமரசத்துக்கு உட்காரும்போது முதல் அரைமணி அதிலேயே போய்விடும்.

சமரசம் என்று சொன்னேன், ஆமாம். உங்களுக்கு நான் சொல்லும் வழி அதுதான். டீலரின் மேலாளருக்கும், நாட்டில் அந்தப் பிராண்டை இறக்குமதி செய்கிற கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சல் போடுங்கள். கோபம் இல்லாமல் ஒரு பக்கம். பாகம் வரும் தேதி எழுத்தில் வேண்டும், பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு மாற்று வண்டி வேண்டும், மாற்றும் மாட்யூலுக்குப் புதிய உத்தரவாதம் வேண்டும். வண்டியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், பதிலுக்கு வேறு வண்டி எடுக்கும்போது, ரீகாலைக் காட்டிக் குறைக்காத விலையை இந்த வண்டிக்குக் கேளுங்கள். மாற்று வண்டியும் நல்ல விலையும் சட்டம் தரும் உரிமை இல்லை, பேரத்தில் கிடைப்பவை. ஊர் முழுக்க ரீகால் செய்திருக்கும் கம்பெனி, ஒரு நிதானமான வாடிக்கையாளரிடம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். பதில் வராவிட்டால் மோட்டார் துறைப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன், அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம்.  நேராக நீதிமன்றம் போனால், மற்ற வழிகளை முடித்துவிட்டு வா என்று 69ஆம் பிரிவைக் காட்டுவார்கள்.

வழக்கை நான் எடுப்பேனா என்று கேட்டால், இன்றைய நிலையில் மாட்டேன். ஆனால் மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் 57ஆம் பிரிவு மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. மாட்யூல் மாற்றிய மூன்று மாதத்துக்குள் அதில் குறை தெரிந்தால், ஜாப் கார்டையும் பாக்கி இல்லாத வங்கிக் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.