பூட்டிய படிக்கட்டுக்குச் சாவி யாரிடம்?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் 3ஆம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. கட்டடத்தின் இருபுறமும் படிக்கட்டு உண்டு. வெளியாட்கள் நுழைந்துவிடக் கூடாது என்று பின்பக்கப் படிக்கட்டின் கீழே இரும்புக் கதவு போட்டு, வகுப்பு நேரம் முழுவதும் பூட்டி வைக்கிறார்கள். இப்போது கேமரா பொருத்தவும் தீயணைப்புச் சான்று புதுப்பிக்கவும் 'பாதுகாப்புக் கட்டணம்' என்று 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பள்ளி பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை என்னைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் (தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அலுவலர்): பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கேள்வியில் என்னை உலுக்கியது அந்த இரும்புக் கதவுதான். கட்டணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தப் பூட்டு நாளைக் காலையே போயாக வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. நல்லது. ஆனால் எல்லோருக்கும் கூரைதான் நினைவில் நிற்கிறது, படிக்கட்டு மறந்துவிட்டது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படி. மேலே இருந்த குழந்தைகளால் இறங்க முடியவில்லை. இன்று கான்கிரீட் கூரை போட்ட பள்ளிகள், இருக்கிற இரண்டு படிக்கட்டுகளில் ஒன்றைத் தாங்களாகவே அடைத்து வைக்கின்றன. கான்கிரீட் கூரை எரியாதுதான். மின்கம்பி உருகி எழும் புகை போதும். புகை நிறைந்த படிக்கட்டில் பெரியவர்களாலேயே சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்க முடியாது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதில் தெளிவாகவே இருக்கிறது. வெளியேறும் வழியிலுள்ள கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். பள்ளிப் படிக்கட்டு குறைந்தது ஒன்றரை மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தடி அகலம் இருக்க வேண்டும். வெளியாட்களைத் தடுக்க வேண்டும் என்ற பள்ளியின் கவலை நியாயமானதே. அதற்கு வழி இருக்கிறது. வெளியிலிருந்து திறக்க முடியாமலும், உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும்படியும் கதவு அமைக்கலாம். திரையரங்குகளின் வெளியேறும் வழிகளில் கதவுக்குக் குறுக்கே ஒரு கம்பி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் பேனிக் பார் என்று கேட்டால் கிடைக்கும். அது முடியாவிட்டால், உட்புறம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் வைத்து, வெளிப்புறம் ஒரு காவலாளியை உட்காரவைக்கட்டும். பூட்டு மட்டும் கூடாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, 'அந்தக் கதவை இப்போது கொஞ்சம் திறந்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். வேறெதுவும் பேச வேண்டாம். சாவி அலுவலக மேசையில் இருக்கும், அல்லது உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும், அவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார். அவர்கள் சாவி தேடும் நேரத்தைப் பார்த்தாலே பள்ளியின் பாதுகாப்பு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யார் வந்தார், எப்போது வந்தார் என்று பிறகு பார்க்க உதவும். வருகிறவரைத் தடுக்காது, தீயை அணைக்காது. வாயிலில் பெயர் எழுதி வாங்கி, அடையாள அட்டை பார்த்து உள்ளே விடும் ஒரு பொறுப்பான ஆள், எட்டு கேமராக்களை விட மேல்.

இனி பணம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவுசெய்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதன் தலைவர். அந்தக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல், எந்தப் பெயரிலும் வசூலிக்கக் கூடாது. உங்கள் பள்ளிக்கான ஆணையைக் கேட்டுப் பாருங்கள். பாதுகாப்பு என்பது பள்ளி நடத்துவதற்கான அடிப்படை நிபந்தனை. அதைத் தனியாக விலைபேசி விற்க முடியாது.

'சான்று புதுப்பிக்க' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால்தான் நான் பல ஆண்டுகள் பார்த்துச் சலித்த கூட்டம் நிற்கிறது. தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குப் பொதுவாக நான்கு சான்றுகள் கேட்கப்படும்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. ஒரு மேசையில் அடுத்த மேசையின் தாளைக் கேட்பார்கள், அங்கே போனால் இந்த மேசையின் தாளைக் கேட்பார்கள். ஒரே நாளில், ஒரே இடத்தில், நான்கு துறையினரும் சேர்ந்து வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த அலைக்கழிப்பில் முளைப்பவர்தான் இடைத்தரகர். 'சார், நாலும் சேர்த்து நான் முடித்துத் தருகிறேன்' என்பார். கட்டடத்தை ஏறிட்டும் பார்க்காத பொறியாளரின் கையெழுத்தும் அவரிடம் இருக்கும். தீயணைப்புத் துறைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத தொகை யாருக்குப் போகிறது என்று பள்ளித் தாளாளரிடமே கேளுங்கள்.

இந்தக் கூட்டத்தின் இன்னொரு கிளை, தீயணைப்பான் நிரப்பித் தருவதாக வருகிறவர்கள். சிவப்பு உருளையைத் துணியால் துடைத்து, பழைய ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு, அடுத்த ஆண்டுத் தேதி போட்ட புதிய ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே பவுடர் கட்டியாக இறுகிக் கிடக்கும். ஆய்வு நாளன்று மட்டும் பக்கத்துப் பள்ளியிலிருந்து உருளைகளை இரவல் வாங்கி வைப்பதும் நடக்கிறது. ஒரு பள்ளியில் நான் குறித்துக்கொண்ட உருளை எண்ணை, அதே வாரம் இன்னொரு பள்ளியில் பார்த்தேன். ஆகவே ஒட்டுத்தாளை நம்பாதீர்கள். கைப்பிடியில் ஊசியும் முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு விலக்கு. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே யாராவது தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போவீர்கள். கணினி அறையிலும் மின்பலகை அருகிலும் கார்பன் டை ஆக்சைடு உருளை வைத்திருப்பார்கள். அதன் முனையில் அகலமான கறுப்புக் கொம்பு ஒன்று இருக்கும். அந்த உருளையில் அழுத்தமானி இருக்காது. எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்றோ, போலி என்றோ நினைக்க வேண்டாம். அதன் அமைப்பே அப்படித்தான். உள்ளே வாயு இருக்கிறதா என்பதை எடைபோட்டுத்தான் அறிய முடியும். காலி உருளையின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்து வரும் எடையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது வாயுவின் எடை. 4.5 கிலோ வாயு இருக்க வேண்டிய உருளையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். எனவே அந்த உருளைக்கு முள்ளைப் பற்றிக் கேட்காதீர்கள், 'கடைசியாக எப்போது எடை போட்டீர்கள், எங்கே குறித்திருக்கிறீர்கள்' என்று கேளுங்கள். உருளைக்குள்ளேயே அழுத்தம் ஏற்றி வைத்திருக்கும் சாதாரண பவுடர் உருளைகளுக்கு முள் இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டால் பயனில்லை. தாளாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். பின்படிக்கட்டுப் பூட்டை அகற்ற வேண்டும், நான்கு சான்றுகளின் நகலையும் அவற்றின் காலாவதித் தேதியுடன் பெற்றோர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், இந்தப் பருவத்திலேயே மாடி வகுப்புகளுக்கு வெளியேறும் ஒத்திகை நடத்த வேண்டும் என்று மூன்றே கோரிக்கை. அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலருக்குப் பள்ளி எழுதினால் செயல்விளக்கம் நடத்திக் காட்டுவார்கள். ஒத்திகையின்போது பின்படிக்கட்டையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று தனியே எழுதுங்கள், இல்லாவிட்டால் முன்வாசல் வழியாகவே வரிசையாக இறக்கி, புகைப்படம் எடுத்து முடித்துவிடுவார்கள். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அதே கடிதத்தின் நகல். கூடவே, பள்ளி அங்கு சமர்ப்பித்த சான்றுகளின் நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்றும் போடுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பள்ளியில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2,500 ரூபாயை அதுவரை கையில் வைத்திருங்கள்.