85,000 ரூபாய் கட்டினால் ஏபிஐ டாக்குமென்டேஷன் வேலை கிடைக்குமா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறேன். ஏபிஐ டாக்குமென்டேஷன் எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு மாற ஆசை. ஒரு பயிற்சி மையம் 85,000 ரூபாய்க்கு மூன்று மாதப் பயிற்சி, சான்றிதழ், நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்கிறது. 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். கோடிங் தெரியாது. சேரலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: மீதி 80,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, ஆடிட்டருக்கு ஐசிஏஐ இருக்கிறது. டெக்னிக்கல் ரைட்டருக்கு அப்படி உரிமம் கொடுக்கும் அமைப்பு எதுவும் இந்தியாவில் கிடையாது. அந்த மையம் தரப்போவது அவர்களே அச்சடித்த தாள். நேர்முகத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். “நீங்கள் எழுதியது எதையாவது காட்டுங்கள்” என்றுதான் கேட்பார்கள். வேலை உத்தரவாதமும் நோட்டீஸில்தான் இருக்கும். கையெழுத்துப் போடச் சொல்லும் தாளை நிதானமாகப் படியுங்கள், ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்று அது சுருங்கியிருக்கும்.

கோடிங் பயத்துக்கு வருவோம். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவலோ வேலையோ கேட்கும் வழிதான் ஏபிஐ. அதை எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும், எங்கே தவறும் என்று மற்ற டெவலப்பர்களுக்கு எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை. நிரல் எழுத வேண்டாம், படித்துப் புரிந்தால் போதும்.

ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் ஒரு பேமென்ட் கேட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் தரும் குறிப்பில் ‘அமவுன்ட்: முழு எண், கட்டாயம்’ என்று மட்டும் இருக்கும். அதை நம்பி 500 ரூபாய் வசூலிக்க 500 என்று அனுப்பினால், வசூலாவது 5 ரூபாய். ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்ற கேட்வேகள் தொகையைப் பைசாவில் கேட்கின்றன. 50000 என்று அனுப்ப வேண்டும். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறைப் பிரிவு இல்லாததால் ஸ்ட்ரைப்பில் 500 யென்னுக்கு 500 என்றே அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வரியை யோசித்து எழுதுகிறவருக்குத்தான் சம்பளம். “பணம் குறைவாக வந்திருக்கிறதே” என்று கத்தும் வாடிக்கையாளருக்கு மூன்று வருடமாகப் பதில் சொல்லி வந்த உங்களுக்கு, ஆள் எங்கே தடுக்கி விழுவார் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சிக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ போதும். லாகின் இல்லாமலே மணிக்கு 60 முறை கேட்கலாம், டோக்கன் (உங்கள் கணக்குக்கான ரகசியச் சாவி) எடுத்தால் 5,000. ஏபிஐக்குக் கேள்வி அனுப்பிப் பார்க்க உதவும் போஸ்ட்மேன் செயலியை இறக்கிக்கொண்டு ஒரு பயனர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பெயரும் மதிப்புமாகத் தகவலை அடுக்கும் ஜேசன் வடிவில் பதில் வரும். பெயரை வேண்டுமென்றே தப்பாக அடியுங்கள், 404, அதாவது ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை வரும். 60-ஐத் தாண்டிப் பாருங்கள், வேறொரு பிழை வரும். பார்த்ததையெல்லாம் புதிதாக வரும் ஒருவருக்குப் புரிகிற மாதிரி மார்க்டவுனில் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல் அமைக்கும் எழுத்து முறை) நான்கைந்து பக்கம் எழுதி உங்கள் கிட்ஹப் கணக்கிலேயே போடுங்கள். நேர்முகத்தில் காட்ட வேண்டியது அதுதான். கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இணையத்தில் இலவசம். உங்கள் நிறுவனத்துக்கு வந்த புகார் டிக்கெட்டையோ ஸ்கிரீன்ஷாட்டையோ மட்டும் மாதிரியில் சேர்த்துவிடாதீர்கள், இருக்கிற வேலையும் போய்விடும்.

பாடத்திட்டத்தில் ‘ஸ்வாக்கர்’ ஒரு மாட்யூல், ‘ஓபன் ஏபிஐ’ தனி மாட்யூல் என்று இருந்தால் உஷாராகுங்கள். ஏபிஐயைச் சீரான வடிவில் விவரிக்கும் முறையான ஸ்வாக்கர் விவரக்குறிப்பு 2015-இல் ஓபன் சோர்ஸ் அமைப்பான லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் போனது. பிறகு அதற்கே ஓபன் ஏபிஐ என்று பெயர் மாறியது. இன்று ஸ்வாக்கர் என்ற பெயரில் இருப்பவை அதற்கான கருவிகள். ஒரே சரக்குக்கு இரண்டு பில் போடுகிறார்கள்.

அடுத்த ஆபத்து கன்சல்டன்சிகள். டெபாசிட் கேட்பவர்களையும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்பவர்களையும் அண்டவே வேண்டாம். “இரண்டு வருட எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்” என்பவர் இன்னும் மோசம். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே குட்டு உடையும். இவர்கள் பிழைப்பு ஓடுவதற்கு நிறுவனங்களும் காரணம்: ‘ஃப்ரெஷர் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்’ என்று கூசாமல் விளம்பரம் போடுகிற ஹெச்.ஆர்.களை என்ன சொல்வது! ரெஸ்யூமேயை மெஷின் வடிகட்டித் தள்ளுகிறது, எழுதியதைப் படித்துப் பார்க்க ஆளில்லை.

மாதிரி வேலை என்ற பெயரில் ஓசியில் எழுதி வாங்குவதும் நடக்கிறது. அதற்காகத் தேர்வே எழுத மாட்டேன் என்று நிற்காதீர்கள், நியாயமான தேர்வும் உண்டு. கற்பனை ஏபிஐ ஒன்றையோ எல்லோருக்கும் தெரிந்த பொது ஏபிஐ ஒன்றையோ கொடுப்பார்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும், எல்லோருக்கும் ஒரே கேள்வியாக இருக்கும். தாராளமாக எழுதுங்கள். அவர்கள் விற்கும் பொருளின் ஏபிஐயையே கொடுத்தால்கூட ஒரு பக்கம் வரை போகட்டும், ஏற்கெனவே வெளியான பக்கத்தைத் திருத்தச் சொன்னாலும் தப்பில்லை. வெளிவராத ஏபிஐக்கு லாகின் கொடுத்து, பத்துப் பதினைந்து எண்ட்பாயின்ட்டுக்கும் (ஏபிஐயில் ஒவ்வொரு வேலைக்குமான முகவரி) எழுதச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றால், அவர்களுக்கு ரிலீஸ் நெருங்குகிறது என்று அர்த்தம். “முழுதாக எழுத இவ்வளவு கட்டணம்” என்று மரியாதையாக மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் பதிலே வராது.

ஏஐ எழுதிவிடுமே என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம். முதல் வரைவை எழுதும். அது சொன்னது உண்மையா என்று ஏபிஐயை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும்.

வெளியே தேடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்திலேயே டாக்குமென்டேஷன் எழுதும் டாக்ஸ் டீம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சப்போர்ட்டிலிருந்து உள்ளுக்குள்ளேயே மாறுவது சுலபம்.

கட்டிய 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். போனில் வேண்டாம், சமாளித்துவிடுவார்கள். ரசீதை இணைத்து, தேதி குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். ‘உத்தரவாதம்’ என்று போட்ட விளம்பரத்தையும் சேமித்து வையுங்கள். பதிலில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.