கிட்டில் கமிட் செய்த பிறகும் ஏன் புஷ் செய்ய வேண்டும்?
கிட் (Git) என்பது நிரலில் (code) செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவி. அதில் கமிட் என்பது நீங்கள் மாற்றிய நிரலை உங்கள் கணினியிலேயே ஒரு குறிப்போடு பதிந்து வைப்பது. புஷ் என்பது அந்தப் பதிவைக் குழுவின் பொது இடத்துக்கு அனுப்புவது.

ஏன் இரண்டு வேலை? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலுக்காக கிட்டை எழுதியபோது, ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி அமைத்தார். அதனால் நெட் இல்லாமலே பதியலாம்.

எங்கள் கம்பம் ஊரிலிருந்து விடிகாலை ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். டவர் கிடைக்காத மலையில் கங்காணி ஒவ்வொரு ஆள் பறித்த காயையும் எடை போட்டுத் தன் நோட்டில் எழுதுவார். அது கமிட். சாயங்காலம் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் அதை ஏற்றுவது புஷ்.

அதற்குள் இன்னொரு கங்காணி தன் கணக்கை ஏற்றியிருந்தால்? கிட் உங்கள் புஷ்ஷை மறுக்கும். பதறாதீர்கள். முதலில் 'கிட் புல்' கொடுத்து அவருடையதைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் புஷ் செய்யுங்கள். கோபத்தில் 'ஃபோர்ஸ்' சேர்த்து அனுப்புவது அவர் எழுதிய பக்கத்தைக் கிழிப்பது போல, தயவுசெய்து வேண்டாம்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கிட் உங்கள் கணினியில் ஓடும் கருவி, கிட்ஹப் அந்தப் பேரேட்டை வைத்திருக்கும் இடங்களில் ஒன்று மட்டுமே.